எதிர்காற்றில் ஏறும் கணவாய்: ராதாபுரம் டு தோவாளை... ஒரு சைக்கிள் பயணம்!

மலைக் கணவாய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இமயமலைதான். பனி மூடிய சிகரம், படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகள், சரளைக்கல் சாலையில் மூட்டை முடிச்சுகளோடு சைக்கிளை மிதித்துச் செல்லும் ஒருவர்... இப்படி வீடியோக்களை ரீல்ஸில் பார்த்துவிட்டு, 'வாழ்க்கையில் ஒரு தடவையாவது போகணும்' என்று நண்பர்களுக்கு அனுப்பிவைப்பவர்கள் ஏராளம்.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் ராதாபுரத்துக்காரர்களுக்கு, கணவாயைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமில்லை. மேற்கே மிதித்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்துவிடும். அங்கே பனி கிடையாது. கொண்டை ஊசி வளைவு கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி ஏற்றம்கூடக் கிடையாது. திருநெல்வேலி - நாகர்கோவில் ரயில் 1981 முதல் அந்த வழியாகத்தான் சாவகாசமாகப் போய் வருகிறது.

'இது ஒரு கணவாயா?' என்று தோன்றும். ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். சைக்கிள் எம்மாத்திரம்?

செம்மண்ணும் சீமைக்கருவேல முள்ளும்

ராதாபுரத்தின் நடுநாயகமாக இருப்பது வரகுணபாண்டீஸ்வரர் கோயில். அங்கிருந்து மேற்கே வடக்கன்குளம் பக்கம் கிளம்பினால், ஊரைத் தாண்டியதும் நிலம் விரிந்துகொள்கிறது. பனைமரங்கள், உடைமரங்கள், ஆட்டுக்கிடை போட்ட தரிசு நிலங்கள், தூரத்தில் சுற்றும் காற்றாலைகள். தார்ச்சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் செம்மண்ணும் சரளையும் கலந்த பாதைகள் நாலாபுறமும் பிரிகின்றன. குளத்துக்கரைப் பாதை, தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை, காற்றாலை கட்டுவதற்காகக் கிரேனும் டிரெய்லரும் போன பாதை எனப் பல வகை.

வெளிநாடுகளில் 'கிராவல் சைக்கிளிங்' என்று தனி விளையாட்டாகவே இது வளர்ந்திருக்கிறது. தார் போடாத சாலைகளில் நீண்ட தூரம் ஓட்டுவதற்கென்றே அகலமான டயர், வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிள்கள் விற்கிறார்கள். ராதாபுரம் தாலுகாவில் பள்ளிக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் சாதாரண சைக்கிளில் போகிறவர்கள் பேர் வைக்காமலே இதைத்தான் செய்துவருகிறார்கள்.

இந்தப் பாதைகளின் முதல் எதிரி சீமைக்கருவேல முள். கல் குத்தினால் டயர் தாங்கும். காய்ந்த முள் சத்தமில்லாமல் இறங்கிவிடும். பஞ்சர் ஒட்டும் சாமானும் ஒரு ஸ்பேர் டியூபும் இல்லாமல் செம்மண் பாதையில் இறங்குவது வம்பு. இரண்டாவது எதிரி நிழல் இல்லாமை. காலை ஒன்பது மணிக்கு மேல் ஒதுங்கி நிற்க ஒரு பனைமரத்தின் நிழல்கூடப் போதாது.

தண்ணீருக்குக் காத்திருக்கும் குளங்கள்

ராதாபுரம் பக்கம் ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலை நேரே எதிரில் நிற்கிறது. மகேந்திரகிரி மலை 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையின் மேகங்கள் அந்தப் பக்கச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. இந்தப் பக்கம் வந்து சேர்வது ஈரம் போன காற்றுதான். மழைமறைவுப் பிரதேசம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது, சைக்கிளில் போகும்போது கண்ணெதிரே தெரியும்.

அதனால்தான் இங்கே குளங்களுக்கு அவ்வளவு மரியாதை. மலைக்கு அந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் இருக்கும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் தோவாளைக் கால்வாய் வழியாக வந்து, நிலப்பாறை என்ற இடத்தில் ராதாபுரம் கால்வாயில் இறங்குகிறது. ராதாபுரம் தாலுகாவில் 52 குளங்களும் சுமார் 17,000 ஏக்கர் நிலமும் இந்தக் கால்வாயை நம்பியிருக்கின்றன. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் மாத நடுவில் தொடங்கி அக்டோபர் வரை தண்ணீர் விடுவது வழக்கம்.

கால்வாயின் கடைசியில் இருக்கும் ஊர்களுக்கு 'திறந்தாச்சு' என்ற செய்தி போதாது. 'வந்து சேர்ந்துச்சா' என்பதுதான் கேள்வி. வழியில் மண் மேடிட்டிருந்தால், கரை உடைந்திருந்தால், அணையில் இருப்பு குறைந்தால் கடைமடைக் குளம் வெறும் கிரிக்கெட் மைதானமாகவே கிடக்கும். ஒரே பாதையில் அடுத்தடுத்து ஒரு குளம் நிறைந்தும், அடுத்தது வெடித்தும் கிடப்பதைக் காரில் போகிறவர்கள் கவனிப்பதில்லை. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கு அது தப்பாது.

மலை தாண்டி வந்த ஒரு மனிதர்

அடுத்த பெரிய ஊர் வடக்கன்குளம். இங்கிருக்கும் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் ஒரு தொடர்பு உண்டு.

18-ம் நூற்றாண்டில் மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே அரண்மனை அதிகாரியாக இருந்தவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை. 1741-ல் நடந்த குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டு, பிறகு அந்த நாட்டுப் படைக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்தார். சமஸ்தான எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்ற பெயர் அங்கே கிடைத்ததுதான். 1752, ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022, மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் பெயர் பெற்ற இடமும் உயிர் விட்ட இடமும் ஒரு காலைப்பொழுது சைக்கிள் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. உயிர் விட்ட மலையின் பெயரிலும் காற்று இருக்கிறது.

ஸ்ரீநகரிலிருந்து வரும் சாலை

வடக்கன்குளத்திலிருந்து காவல்கிணறு பக்கம்தான். இங்கே தேசிய நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. சாதாரண சாலை இல்லை. ஸ்ரீநகரில் தொடங்கி, நாட்டின் நீளம் முழுக்க இறங்கி, கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் நெடுஞ்சாலை. இமயமலைக் கணவாயையும் ராதாபுரம் தாலுகாவையும் இணைக்கும் ஒரே தார்க்கோடு. காவல்கிணற்றில் இதிலிருந்து பிரிந்து நாகர்கோவில் போகும் சாலைதான் கணவாய்க்குள் நுழைகிறது.

ஒருபக்கம் மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ராக்கெட் இன்ஜின்களை நிறுத்திவைத்துச் சோதிக்கும் இடம். தென்கிழக்கே கடற்கரையில் கூடங்குளம். தலா 1,000 மெகாவாட் திறன்கொண்ட இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. மேலும் கட்டப்பட்டு வருகின்றன. எதிரே கணவாய் முழுக்கக் காற்றாலைகள். ராக்கெட், அணு, காற்று என்று மூன்றும் சூழ்ந்த இடத்தில், காலை மட்டும் நம்பி ஒருவர் பெடலை மிதிக்கிறார்.

முப்பந்தல்: கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்

காவல்கிணற்றைத் தாண்டி குமரி மாவட்டத்துக்குள் நுழைந்ததும் முப்பந்தல். சேர, சோழ, பாண்டியர் மூவரும் பந்தல் போட்டுக் கூடிய இடம் என்று பெயருக்குக் கதை சொல்வார்கள். இங்கிருக்கும் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் டிரைவர்கள் பலர்.

இங்கேதான் காற்று சுயரூபம் காட்டுகிறது. அரபிக்கடல் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மலைச்சுவர் தடுக்கிறது. சுவரில் ஓர் இடைவெளி கிடைத்தால், காற்று மொத்தமும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகும். தண்ணீர்க்குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சியடிப்பது போலத்தான். இதை நம்பி 1990-களில் இங்கே காற்றாலைகள் பெருகின. இன்று முப்பந்தல் சுற்றுவட்டாரம் சுமார் 1,500 மெகாவாட் திறன்கொண்ட, இந்தியாவின் மிகப்பெரிய காற்றாலைப் பகுதிகளில் ஒன்று.

காற்றாலைக்கு வரம், சைக்கிளுக்குச் சோதனை. கணக்குப் போட்டால் புரியும். சைக்கிளில் போகிறவரைக் காற்று தடுக்கும் விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போதும் அதே 15-ல் போக நினைத்தால், அவர் உடம்பில் மோதுவது 45 கிலோமீட்டர் வேகக் காற்று. மூன்று மடங்கு வேகம். ஒன்பது மடங்கு தடை. நடுத்தர எடையுள்ள ஒருவருக்கு இது, 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மலைச்சாலையில் ஏறுவதற்குச் சமம்.

மலைச்சாலைக்கு ஒரு உச்சி உண்டு. வளைவில் கொஞ்சம் சமதளம் கிடைக்கும். காற்றுக்கு உச்சியும் இல்லை; வளைவும் இல்லை. சாலை தட்டையாகக் கிடக்கும். கால் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிளில்தான் ஏதோ கோளாறு என்று இறங்கி பிரேக்கைப் பார்ப்பார்கள்.

காற்றோடு முட்டி மோதிப் பயனில்லை. கியரைக் குறைத்து, முதுகைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, 'எவ்வளவு வேகம்' என்ற நினைப்பை விட்டுவிட்டு ஒரே தாளத்தில் மிதிப்பதுதான் வழி. இரண்டு மூன்று பேராகப் போனால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிச் சென்று, முன்னால் போகிறவர் மாறி மாறி வரலாம். பின்னால் வருகிறவருக்குச் சுமை நன்றாகவே குறையும். ஆனால் லாரி, பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிப்போகும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கதவைத் தாண்டினால் வேறு நாடு

ஆரல்வாய்மொழியில் இருபுறமும் மலைகள் நெருங்கி வருகின்றன. 1956, நவம்பர் 1 வரை இது மாநில எல்லை. அதற்கும் முன்பு இரண்டு அரசாங்கங்களின் எல்லை. திருவிதாங்கூர் இந்த இடைவெளியை மதிலும் கொத்தளமும் கட்டி அடைத்து வைத்திருந்தது. 1809-ல் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தபோது, கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் வந்த கம்பெனிப் படை இந்த மதிலுக்கு முன்னால்தான் நின்றது. நேரே மோதாமல், மேஜர் வெல்ஷின் படைப்பிரிவு இருட்டில் தெற்குப் பக்க மலைமீது ஏறி, பிப்ரவரி 10 அன்று அரணைக் கைப்பற்றியது. கணவாய் விழுந்ததும் திருவிதாங்கூருக்குள் போகும் வழி திறந்துகொண்டது.

அந்தக் கதவைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. சில கிலோமீட்டர்களுக்கு முன்னால் உடைமரமும் தரிசும். இந்தப் பக்கம் வாழை, தென்னை, நெல்வயல். முகத்தில் அடிக்கும் காற்றிலேயே ஈரம் தெரியும். ஜூன், ஜூலையில் வெயிலோடு சாரலும் விழும். கொஞ்ச தூரத்தில் தோவாளை. விடிவதற்கு முன்பே தொடங்கும் பூச்சந்தையால் பேர்பெற்ற ஊர். பிச்சிப்பூவும் சம்பங்கியும் அரளியும் குவிந்து கிடக்கும். இங்கிருந்து கேரளத்துக்கும் பூ போகிறது. ஓணம் நேரத்தில் கூட்டம் அலைமோதும்.

ஒரே மலையின் இரண்டு பக்கம். ஒரு பக்கம் பூ விளைகிறது. இன்னொரு பக்கம் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. ராதாபுரத்துக்குக் காற்று இந்தக் கணவாய் வழி வருகிறது. தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கமிருந்து கால்வாய் வழி வருகிறது. இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதங்களில். காற்று கேட்காமலே வந்துவிடும். தண்ணீருக்குத்தான் ஒவ்வொரு வருடமும் மனு கொடுக்க வேண்டியிருக்கிறது.

திரும்பும்போது கவனம்!

வரும்போது உயிரை வாங்கிய காற்று, திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். மிதிக்காமலே சைக்கிள் ஓடும். விபத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள நேரமும் இதுதான். வேகம் கூடியது தெரியாது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கத் தாமதமாகும். மலைமறைவு விலகும் இடங்களில் காற்று திடீரென்று பக்கவாட்டில் அறையும். பெரிய லாரி கடந்துபோகும்போது ஒரு நொடி காற்று நின்று, மறுநொடி திரும்ப அடிக்கும். கை தளர்வாக இருந்தால் சைக்கிள் ஓரடி நகர்ந்துவிடும். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கவேண்டும். செல்ஃபி எல்லாம் இறங்கி நின்ற பிறகுதான்.

இமயமலைக்குப் போக ஆசையா?

எதிர்காற்றில் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை இமயமலைதான். இமாச்சலப் பிரதேசத்தில் லாஹுல் பள்ளத்தாக்கையும் ஸ்பிதி பள்ளத்தாக்கையும் இணைக்கும் குன்சும் கணவாய் அப்படியான கனவுப் பாதை. உயரம் 4,500 மீட்டருக்கு மேல். கிராம்பூவிலிருந்து சந்திரா ஆற்றை ஒட்டி சத்ரு, பாத்தல் வழியாகக் கணவாய் ஏறி, லோசர் கிராமத்தில் இறங்கி காஸா போகும் பாதையில் நீண்ட தூரத்துக்குக் கல்லும் மண்ணும்தான். குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக்கிடக்கும். கணவாய் உச்சியில் குன்சும் தேவி கோயில். வண்டிக்காரர்கள் அதைச் சுற்றி வந்துவிட்டுத்தான் மறுபக்கம் இறங்குகிறார்கள், முப்பந்தலில் நம்மூர் டிரைவர்கள் நிற்பதைப் போலவே.

ராதாபுரத்தில் கிடைக்கும் பயிற்சி அங்கே பாதிக்குத்தான் உதவும். சரளையில் சறுக்காமல் ஓட்டுவது, எதிர்ப்புக்குப் பதறாமல் மிதிப்பது, தண்ணீரை அளந்து குடிப்பது, தன் பஞ்சரைத் தானே ஒட்டுவது எல்லாம் கைகொடுக்கும். ஆனால் இங்கே அதிகமாக இருக்கும் ஒன்று அங்கே குறைவு. அது காற்று.

4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், உடம்பு பழக நாள் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். அதைப் பொருட்படுத்தாமல் மேலே மேலே போனால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்கள் சொல்லும் வழி எளியது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். அறிகுறி இருந்தால் மேலே ஏறக்கூடாது. கூடினால் உடனே கீழே இறங்க வேண்டும். அதனால்தான் பலர் மணாலி பக்கமிருந்து சட்டென்று ஏறாமல், சிம்லாவிலிருந்து கின்னோர், டாபோ வழியாக மெல்ல உயர்ந்து காஸா போகிறார்கள்.

ஓடைகளும் உண்டு. பனி உருகும் மதிய வேளையில் சாலையின் குறுக்கே ஓடும் நீர் பெருகிவிடும். காலையில் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் மாலையில் இடுப்பளவு ஓடலாம். அங்கேயும் விடியற்காலையில் கிளம்புகிறவர்தான் புத்திசாலி.

ராதாபுரம் - தோவாளை: கிளம்பும் முன்...

* எப்போது: பழகாதவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காற்றின் ருசி தெரியவேண்டுமானால் ஜூன் - செப்டம்பர். ஆனால் விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

* எந்த சைக்கிள்: விலை உயர்ந்தது தேவையில்லை. கியரும் கொஞ்சம் அகலமான டயரும் இருந்தால் போதும். சரளைப் பாதையில் டயர் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் கிடைக்கும்.

* எடுத்துச் செல்ல: இரண்டு ஸ்பேர் டியூப், பஞ்சர் சாமான், கை பம்ப், மூன்று லிட்டர் தண்ணீர், கண்ணில் மண் விழாமல் இருக்கக் கண்ணாடி, ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு விளக்கு. தொப்பியை நம்பாதீர்கள், பறந்துவிடும்.

* பாதை: காற்றாலைகளுக்குப் போகும் பாதைகள் பலவும் தனியாருடையவை. கேட்டுவிட்டுப் போகலாம், வேலி, கேட் இருந்தால் நுழைய வேண்டாம். மகேந்திரகிரி வளாகத்தின் பக்கமும், காட்டுப்பகுதியிலும் அனுமதியில்லாமல் நுழையக்கூடாது.

* குழந்தைகளோடு போகிறவர்கள்: நெடுஞ்சாலையைத் தவிர்த்து, ராதாபுரம் சுற்றியுள்ள குளத்துக்கரைகளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றிவரலாம். குளத்தில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் பறவைகளும் வந்திருக்கும்.

* முடியவில்லை என்றால்: காவல்கிணற்றிலோ முப்பந்தலிலோ திரும்பிவிடுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. திருப்பிய அந்த நிமிஷமே காற்று உங்கள் கட்சிக்கு வந்துவிடும். கணவாய் எங்கேயும் போய்விடாது. அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.